சமீபத்தில் பார்த்த படங்கள், தொடர்களில் உங்கள் மனதில் நின்றது எது? ஏமாற்றியது எது?

படத்தில் 'கொட்டுக்காளி', தொடரில் 'அடோலசன்ஸ்'. இந்த இரண்டும் பார்த்து முடித்த பிறகும் என்னை விடவில்லை. ஏமாற்றியது 'சுழல்' தொடரின் இரண்டாவது சீசன். நடுவில் 'மெய்யழகன்', 'லப்பர் பந்து', 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்று பார்த்தவற்றையும் சொல்கிறேன். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். முன்பே தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

ஒரு படம் தன்னைப் பார்க்கிறவரை நம்புகிறதா? எனக்கு இப்போதெல்லாம் இதுதான் முதல் கேள்வி. இங்கே அழு, இங்கே பயப்படு, இவன்தான் கெட்டவன் என்று ஒவ்வொரு காட்சிக்கும் இசையை முன்னால் அனுப்பி அறிவித்துக்கொண்டே இருந்தால் நான் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்? நல்ல கதை, நல்ல நடிப்பு எல்லாம் இருந்தும் சில படங்கள் மறுநாளே மறந்துபோவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

'கொட்டுக்காளி' பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கியது. 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய 'கூழாங்கல்' படத்தை எடுத்தவர். இந்தப் படம் 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் முதலில் திரையிடப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று இங்கே வெளியானது. தயாரித்தவர் சிவகார்த்திகேயன். கதை என்று பார்த்தால் ரொம்பச் சின்னது. மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளுக்கு ஏதோ பிடித்துவிட்டது, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று வீட்டார் முடிவு கட்டுகிறார்கள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டியும் சொந்தக்காரர்களும் ஒரு ஷேர் ஆட்டோவிலும் பைக்குகளிலுமாகச் சாமியாடியிடம் அவளைக் கூட்டிப் போகிறார்கள். பலி கொடுக்க ஒரு சேவலும் கூட வருகிறது. அவ்வளவுதான், மொத்தப் படமும் அந்தப் பயணம்.

படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ எஞ்சினின் கடகடப்பு, காற்று, சேவல் சிறகடிப்பது, பைக்கில் வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொள்வது, இவைதான் காதில் விழுகின்றன. முதல் பத்து நிமிடம் பழக்கமில்லாமல் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு காது தானாகவே கூர்மையாகிவிடுகிறது. பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கிழிந்த குரலில்தான் படம் முழுக்கப் பேசுகிறார். 'வெண்ணிலா கபடிக்குழு' பரோட்டாக் காட்சியில் நாம் பார்த்துச் சிரித்த அதே ஆள் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய பேசுவதே இல்லை. ஜன்னல் ஓரம் பார்வையை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த வாய் திறக்காத பிடிவாதத்தைத்தான் கூட வருகிற அத்தனை பேராலும் தாங்க முடியவில்லை.

வழியில் மீனா ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டி வெடித்துவிடுகிறான். அவளை அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களையும் சேர்த்து அடிக்கிறான். இசை இல்லாததால் அடி விழும் சத்தமும் அலறலும் மட்டும் கேட்கிறது. வழக்கமான படமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு சோக வயலின் வந்து நம்மை மெல்லத் தாங்கிப் பிடித்திருக்கும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. அடித்து முடித்த பிறகு எல்லோரும் மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டு பயணத்தைத் தொடர்கிறார்களே, அதுதான் எனக்கு அடியைவிடக் கொடூரமாகப் பட்டது. இப்படி ஒன்று நடப்பது அந்த வீட்டில் எவ்வளவு சகஜம் என்பதை யாரும் வசனத்தில் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இன்னொரு இடத்தில் சாலையின் குறுக்கே ஒரு காளை நிற்கிறது. அத்தனை ஆம்பளைகளும் விரட்டிப் பார்க்கிறார்கள். அது முட்ட வருகிறதே தவிர நகரவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பெண் குழந்தை வந்து சாதாரணமாகப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. தியேட்டரில் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், எனக்கும் சிரிப்பு வந்தது. இயக்குநர் அதை விளக்கவில்லை, அடிக்கோடு போடவில்லை, அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.

முடிவைப் பற்றிப் பலர் கோபப்பட்டார்கள். சாமியாடியின் இடத்துக்குப் போனதும், அங்கே இன்னொரு பெண்ணுக்குப் பேயோட்டுகிறேன் என்ற பெயரில் அவர் கையை எங்கெல்லாம் வைக்கிறார் என்பதைப் பாண்டி பார்க்கிறான். அவன் முகம் மாறுகிறது. அடுத்து அவன் என்ன செய்யப்போகிறான் என்று காட்டாமலே படம் முடிந்துவிடுகிறது. "பாதியில் விட்டுவிட்டார்களே" என்று என் நண்பரும் புலம்பினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டி திருந்திவிட்டான் என்று ஒரு காட்சி வைத்திருந்தால் நாமும் நிம்மதியாக எழுந்து போயிருப்போம். மீனாவின் நிலைமை அந்த ஒரு ஆளின் மனமாற்றத்தில் தீர்ந்துவிடுகிற விஷயமே அல்ல.

'அடோலசன்ஸ்' 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிரிட்டிஷ் தொடர். ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹாமும் எழுதியது, இயக்கம் பிலிப் பராண்டினி. நான்கே எபிசோடு. ஒவ்வொன்றும் ஒரே ஷாட், நடுவில் வெட்டே கிடையாது. விடியற்காலையில் போலீஸ் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்து 13 வயதுப் பையன் ஜேமியைக் கைது செய்கிறது. கூடப் படித்த பெண்ணைக் குத்திக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. முதல் எபிசோடு முடிவதற்குள்ளேயே சிசிடிவி பதிவைப் போட்டுக் காட்டி, அவன்தான் செய்தான் என்று சொல்லிவிடுகிறார்கள். யார் கொலையாளி என்ற முடிச்சு அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது. மீதி மூன்றும் ஏன் என்ற கேள்விதான், அதற்கும் ஒற்றைப் பதிலைத் தூக்கிக் கையில் கொடுப்பதில்லை.

மூன்றாவது எபிசோடைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரு அறை, ஒரு மேசை, பையனும் அவனை மதிப்பீடு செய்ய வந்த உளவியலாளர் பெண்ணும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பேச்சு. அவனுக்கு ஹாட் சாக்லேட்டும் பாதி சாண்ட்விச்சும் கொண்டுவந்து கொடுக்கிறார். குழந்தை மாதிரி சிரிக்கிறான், கிண்டல் பண்ணுகிறான். திடீரென்று எழுந்து நின்று அவர்மேல் கவிந்துகொண்டு கத்துகிறான். அடுத்த நிமிடம் மறுபடி குழந்தை. வேறு தொடராக இருந்தால் ஒருவன் கத்தும்போது கேமரா எதிரில் இருப்பவர் முகத்துக்கு வெட்டிப் போகும், அங்கே நமக்கு ஒரு மூச்சு கிடைக்கும். இங்கே வெட்டு இல்லாததால் அவர் மாட்டிக்கொண்ட அதே அறையில் நாமும் மாட்டிக்கொள்கிறோம். கடைசியில் காவலர்கள் அவனை இழுத்துப் போகும்போது, "என்னை உங்களுக்குப் பிடிக்குமா" என்று கேட்டுக் கதறுகிறான். அவன் போன பிறகு அந்தப் பெண் மேசையை ஒழுங்குபடுத்துகிறார், அவன் கடித்து வைத்த சாண்ட்விச்சை எடுக்கப் போய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். வசனமே இல்லை. அந்த ஒரு கை அசைவில், அத்தனை நேரம் அவர் அடக்கி வைத்திருந்த பயம் முழுக்க வெளியே வந்துவிட்டது.

ஜேமியாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு, முதலில் படமாக்கியதும் இந்த எபிசோடுதானாம். 2025 செப்டம்பரில் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியபோது அவருக்கு வயது 15. என் அக்கா மகன் எட்டாவது படிக்கிறான். இரண்டாவது எபிசோடில் போலீஸ்காரரின் சொந்த மகன் வந்து, பிள்ளைகள் போடுகிற எமோஜிகளுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கு விளக்குகிற இடம் வரும். அதைப் பார்த்துவிட்டு அக்கா ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு மகனிடம் போனைப் பிடுங்காமல், "நீங்க ஸ்கூல் குரூப்ல எப்படிப் பேசிப்பீங்கன்னு எனக்குச் சொல்லிக்கொடேன்" என்று கேட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நிறையத் தெரிந்துகொண்டோம்.

'மெய்யழகன்' விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ச.பிரேம்குமார் இயக்கத்தில் 2024 செப்டம்பர் 27-ல் வந்த படம். இழுக்கிறது என்று பேச்சு வந்ததும், வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். சொத்துத் தகராறில் தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி, 22 வருடம் கழித்து நீடாமங்கலத்தில் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறார். அங்கே ஒரு சொந்தக்காரர் விழுந்து விழுந்து கவனிக்கிறார், ஆனால் அவர் பெயர் அருளுக்கு ஞாபகம் வரவில்லை. அந்த ராத்திரி முழுக்க பெயர் தெரியாமலே ஓடுகிறது. அந்தச் சங்கடம் மெல்ல மெல்லக் குற்ற உணர்ச்சியாக மாற நேரம் தேவை. நிமிடங்களைக் குறைத்தால் அதுதானே முதலில் அடிபடும்? மணமேடையிலேயே அந்தத் தங்கை அண்ணன் கொண்டுவந்த பரிசைப் பிரிக்கச் சொல்லி, அவர் கையாலேயே போட்டுக்கொள்கிற காட்சிக்கு என் அம்மா தேம்பி அழுதுவிட்டார். அருளாக வரும் அரவிந்த் சாமியின் முகத்துக்காகவும் அந்தச் சொந்தக்காரராக வரும் கார்த்தியின் சளசளப்புக்காகவும் இன்னொரு முறை பார்ப்பேன்.

'லப்பர் பந்து' பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, பார்க்காதவர்கள் குறைவு. கிரிக்கெட் டீமில் ஒரு பையனை ஏன் சேர்க்கவில்லை என்ற சாதிக் கணக்கைக் கூட்டம் போட்டுப் பேசாமல் ஆட்டத்துக்குள்ளேயே வைத்துச் சொன்னார் தமிழரசன் பச்சமுத்து. 'பொட்டு வச்ச தங்கக் குடம்' பாட்டோடு அட்டகத்தி தினேஷ் மைதானத்தில் இறங்கும்போது எங்கள் வீட்டில் விசில் பறந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தவர் டிராக்டரை ஓட்டிக்கொண்டு கிரிக்கெட் பிட்சை உழுதுபோடும் ஸ்வாசிகா.

'டூரிஸ்ட் ஃபேமிலி' 2025 மே 1-ல் வந்தது, அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியில்லாமல் ராமேஸ்வரத்தில் படகிறங்கி, சென்னையில் ஒரு காலனியில் அடையாளத்தை மறைத்துக்கொண்டு வாழ வருகிற குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். அந்தத் தெருவில் யாரும் யாரோடும் பேசாமல் இருந்தார்கள், இவர்கள் வந்து பேசவைக்கிறார்கள். அங்கே ஒரு சாவு வீட்டில் இந்தக் குடும்பம் கூச்சமில்லாமல் முன்னால் நின்று எல்லா வேலையையும் எடுத்துச் செய்வது அழகான பகுதி. ஆனால் இரண்டாம் பாதியில் எல்லோரும் ரொம்பச் சீக்கிரம் நல்லவர்களாகிவிடுகிறார்கள். கள்ளத்தோணி என்ற வசையைக் கேட்டு, அகதி முகாம்களில் வருடக்கணக்கில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாழ்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பாரத்தைப் படம் ஓரமாகத் தொட்டுவிட்டுப் போய்விட்டது என்பது என் குறை. அன்பாக எடுத்த படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது 'சுழல்'. 2022-ல் வந்த முதல் சீசனை மயானக் கொள்ளைத் திருவிழாவின் நடுவே வைத்து, புஷ்கர்–காயத்ரி எழுத்தில் அவ்வளவு இறுக்கமாகக் கொண்டுபோனார்கள். அதனால்தான் 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவதை ஆசையோடு பார்க்க உட்கார்ந்தேன். தொடக்கம் பிரமாதம். வக்கீல் செல்லப்பா கொலையாகிக் கிடக்கிறார், எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பக்கமிருந்து வந்து நான்தான் கொன்றேன் என்கிறார்கள். அஷ்டகாளி திருவிழா ஊரையே நிறைக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் ஒரு திருப்பம் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில் அந்த எட்டுப் பெண்களையும் தனித்தனி மனுஷிகளாகப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை. பாதியில் யார் யார் என்று பெயர் குழம்பியது. செல்லப்பாவாக வரும் லாலும் போலீஸாக வரும் கதிரும் தங்கள் பங்கைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். இசையும் ஓயாமல் அதட்டிக்கொண்டே இருந்தது. பார்க்கிறவர் போனை எடுத்துவிடுவாரோ என்ற பயத்திலேயே எழுதிய திரைக்கதை போலிருந்தது.

சீரியலையும் விட்டுவிட மனமில்லை. அம்மாவோடு 'எதிர்நீச்சல்' பார்க்கிறேன், இப்போது இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் மாரிமுத்து, வீட்டையே அதட்டி ஆளும் ஆதி குணசேகரனாக நடித்து, 2023 செப்டம்பர் 8-ல் டப்பிங் பேசப் போன இடத்தில் காலமானார். அவருக்குப் பதில் வேல ராமமூர்த்தி வந்தார். மாரிமுத்துவை ஈடுகட்டுவது கஷ்டம். "இந்தாம்மா ஏய்" என்று அவர் கூப்பிடும்போது வெளியே கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்த என் அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை மாமாவோடு முப்பது வருடம் குடித்தனம் பண்ணியவர். படித்த மருமகள்களை அடுப்படிக்குள் பூட்டி வைத்திருக்கிற அந்த வீட்டை அத்தை அளவுக்கு எந்த விமர்சகரும் புரிந்துகொண்டிருக்க மாட்டார். இழுவை, ஒரே முகத்தை மூன்று முறை காட்டுவது, இடி இடிக்கிற இசை என்று எனக்குப் பிடிக்காத எல்லாமே அதில் இருக்கிறது. ஆனாலும் அந்த அடுப்படிப் பெண்கள் நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற காட்சிகள் வரும்போது எங்கள் வீட்டிலும் பேச்சு ஆரம்பித்துவிடும். அதற்காகவே பார்க்கிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க 'டூரிஸ்ட் ஃபேமிலி' அல்லது 'லப்பர் பந்து'. பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் 'அடோலசன்ஸ்', முதலில் நீங்கள் மட்டும் பார்த்துவிட்டுப் பிறகு அவர்களோடு. 'கொட்டுக்காளி'யைத் தனியாக, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். டிவியின் சின்ன ஸ்பீக்கரில் அந்தப் படத்தின் பாதி காணாமல் போய்விடுகிறது.