சிறைக்குப் போய் வந்தால் ஜீவனாம்ச பாக்கி தீர்ந்துவிடுமா?

கேள்வி: எனக்கும் மகளுக்கும் மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சம் தருமாறு குடும்ப நல நீதிமன்றம் என் கணவருக்கு உத்தரவிட்டது. நான்கு மாதம் கொடுத்தவர், கடந்த 14 மாதங்களாக எதுவும் தரவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறார். கேட்டால், 'ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்கு முடிந்துவிடும்' என்கிறார். வீட்டிலோ, இன்னும் கொஞ்சம் சேரட்டும், மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். என்ன செய்வது?
வாசகி, திண்டுக்கல்

பதில்: இனி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள் சகோதரி. ஒவ்வொரு மாதத் தொகையும் தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான், அதை அபராதம்போல வசூலிக்க நீதிமன்றம் வாரண்டு பிறப்பிக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவிலும் அப்படியே தொடர்கிறது. உங்கள் பாக்கியான 1,12,000 ரூபாயில் முதல் இரண்டு மாதத்துக்கான 16,000 ரூபாய் இந்த வழியில் ஏற்கெனவே கைநழுவிவிட்டது. ஆனாலும் அந்தப் பணத்தின் மீதான உரிமை போய்விடவில்லை. ஓராண்டுக் கெடு வாரண்டு முறைக்கு மட்டுமே பொருந்தும், உரிமையியல் (சிவில்) வழியில் கேட்கத் தடையில்லை என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மனு விசாரணையில் இருக்கும்போது சேரும் மாதங்களையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கலாம்.

உங்கள் கணவர் சொல்வது, பாக்கி வைத்த பலர் சொல்லி நான் கேட்டதுதான். வாரண்டுக்குப் பிறகும் செலுத்தாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் சிறை என்பது பணத்தைக் கொடுக்க வைப்பதற்கான நெருக்கடியே தவிரக் கொடுத்ததற்கு ஈடாகாது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அவர் வெளியே வரும்போது பாக்கி அப்படியே இருக்கும்.

இருந்தாலும், மாதச் சம்பளம் வாங்குபவரைச் சிறைக்கு அனுப்புவதைவிடச் சம்பளத்தைப் பற்றுகை செய்வதே, அதாவது நீதிமன்ற உத்தரவின் மூலம் பிடித்தம் செய்வதே, உங்களுக்குப் பயன் தரும் என்பது என் கருத்து. உள்ளே போனவருக்கு வேலை போனால், அடுத்த மாதப் பணத்துக்கு நீங்கள் யாரைக் கேட்பீர்கள்? ஜீவனாம்ச உத்தரவைப் பணத் தீர்ப்பாணைபோல (கடனைத் திருப்பித் தரச் சொல்லும் சிவில் தீர்ப்பைப்போல) நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியுள்ளது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் சிறு பகுதியைத்தான் பிடிக்க முடியும். ஜீவனாம்சத்துக்கோ மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவருக்கு விட்டுவைத்தால் போதும். அவர் திருப்பூருக்குப் போய்விட்டதும் தடையல்ல. அவர் இருக்கும் ஊரின் நடுவர் (மாஜிஸ்திரேட்) மன்றத்திலும் உத்தரவை நிறைவேற்றக் கேட்கலாம்.

உத்தரவின் சான்றிட்ட நகல், நான்கு மாத வரவும் அதன் பிறகு வெற்றிடமும் தெரியும் வங்கிப் பாஸ்புக், எந்த மாதத்துக்கு எவ்வளவு பாக்கி என்று நீங்களே எழுதிய ஒரு தாள், அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் முழு முகவரி ஆகியவற்றோடு வழக்கறிஞரைப் பாருங்கள். முகவரி அரைகுறையாக இருந்தால் பற்றுகை உத்தரவு திரும்பி வந்துவிடும். வழக்கறிஞருக்குக் கட்டணம் தர இயலாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.