கெய்ரோ புறநகர் வீடுகளின் உச்சியில் கம்பிகள் ஏன் நீட்டிக்கொண்டிருக்கின்றன?

கெய்ரோவின் ரிங் ரோட்டில் போனால் பூச்சில்லாத செங்கல் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும், மொட்டைமாடித் தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். இப்படி அரசுத் திட்டமோ அனுமதியோ இல்லாமல் மக்களே கட்டி வளர்த்த பகுதிகளை அங்கே 'அஷ்வாயியாத்' என்பார்கள்.

காரணம் எளிமையானது. நகருக்குள் பழைய வீடுகள் பலவற்றின் வாடகை சட்டத்தால் உறைந்து கிடந்ததால் யாரும் காலி செய்யவில்லை, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இடமில்லை. 1970களில் வளைகுடா நாடுகளில் சம்பாதித்த பணம் ஊருக்கு வர ஆரம்பித்ததும் நைல் ஓரத்து வயல்களைத் துண்டு போட்டு வாங்கி, கையில் காசு இருந்த அளவுக்குக் கட்டினார்கள். அரசும் 1979இல் பாலைவனத்தில் 'அக்டோபர் 6' என்ற பெயரில் ஒரு புதுநகரைத் தொடங்கியது. ஆனால் வேலையும் உறவும் பழைய நகரில்தானே இருந்தன?

சரி, கம்பி எதற்கு? மகனுக்குக் கல்யாணம் என்றால் அடுத்த மாடி எழுப்ப. வளரும் பிள்ளையின் பாவாடையில் டக் பிடித்து வைத்து, வளர வளரப் பிரித்துவிடுவோமே, அதே கணக்குதான். கீழே பெற்றோர், மேலே மகன்கள், பேரப்பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டார்கள் என்று கேட்கவே வேண்டாம். பாலைவனப் புதுநகருக்குப் போன தம்பதிக்கு இடம் தாராளம், ஆனால் அம்மாவைப் பார்க்கவே கார் வேண்டும். இந்த இழப்பை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அப்புறம், அஷ்வாயியாத் என்றாலே குடிசைப்பகுதி என்று நினைக்கிறார்கள். பெரும்பாலானவை கான்கிரீட் தூணில் நிற்கும் உறுதியான அடுக்குமாடிகள், அங்கே ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும்கூட வாழ்கிறார்கள்.