‘என்னால முடியல டீச்சர்’ என்று அழும் ஆசிரியை

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான். வகுப்பாசிரியை அனுபவசாலிதான். ஆனாலும், “என்னால முடியல டீச்சர், வேற பள்ளிக்கு அனுப்பிடுங்க” என்று அழுகிறார். பயிற்சிக்கும் அனுப்பினேன், பாராட்டியும் பேசினேன். எதுவும் பலிக்கவில்லை. அவருக்கு எப்படித் தைரியம் கொடுப்பது?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: வேறு பள்ளி என்ற பேச்சே வேண்டாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவனை மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைப்பது பள்ளியின் கடமை. ஆனால் சட்டத்தைக் காட்டி ஆசிரியையை மிரட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறார்.

பாராட்டு பலிக்காததில் ஆச்சரியமில்லை. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை பெரும்பாலும் தானே செய்து ஜெயிப்பதில்தான் வருகிறது, அடுத்தபடியாகத் தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதில். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைக்கு வலு குறைவு. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே இதை எழுதிவிட்டார்.

உங்கள் பள்ளிக்கு வட்டார வள மையத்திலிருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்புப் பயிற்றுநர் வருவார் அல்லவா? பல பள்ளிகளில் அவர் பையனைத் தனியாக அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அங்கே என்ன நடந்தது என்று வகுப்பாசிரியைக்குத் தெரிவதே இல்லை. அந்தப் பயிற்றுநரை வகுப்புக்குள்ளேயே உட்காரச் சொல்லுங்கள். பிறகு ஒரு பீரியட் நீங்கள் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டு, இருவரையும் பேச விடுங்கள். நீங்கள் தரக்கூடிய பெரிய உதவி அந்த ஒரு பீரியட்தான்.

அவர்களுக்குச் சின்னதாக ஒரு வேலை கொடுங்கள். இந்த மாதம் எழுத்து, கணக்கு எதுவும் வேண்டாம், மணிச் சத்தம் மட்டும் போதும். மணி அடிப்பதற்குச் சற்று முன்பே அவனிடம் சொல்லி, பக்கத்தில் நின்றுகொள்வது; அல்லது மணி அடிப்பவரோடு அவனையும் நிற்க வைத்துப் பார்ப்பது. எது ஒத்துவருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஒருநாள் அவன் ஓடாமல் நின்றுவிட்டால், நீங்கள் பேசிய பாராட்டையெல்லாம்விட அது பெரிது.

இன்னொன்று: தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒரே வகுப்பில் மூன்று நிலைக்குப் பாடம் நடத்துகிறவர் உங்கள் ஆசிரியை. புதிதாக எதையும் கேட்கவில்லை, தெரிந்த வேலையில் இன்னும் ஒரு படிதான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அவருடைய பயம் பாடத்தைப் பற்றியது மட்டும்தானா? பையன் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டால் யார் பொறுப்பு, மற்ற பெற்றோர் சண்டைக்கு வந்தால் யார் பேசுவது என்ற கவலையும் இருக்கும். பெற்றோரிடம் நீங்களே பேசுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளியைப் பார்வையிட வந்து, இவன் ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டால், ஆசிரியை வாய் திறப்பதற்கு முன் பதில் உங்களிடமிருந்து வரட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அடுத்த ஆண்டு வேறு வகுப்பு கேட்டால் கோபப்படாமல் கொடுங்கள். ஆனால் புது ஆசிரியையோடு ஒரு வாரம் உட்கார்ந்து, பையனுக்கு எது ஒத்துவந்தது என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.