திகில் இதழ்கள், ஓவியப் பதிப்புகள், பழைய படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலம் 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' காமிக்ஸின் முதல் இதழை வாங்க எண்ணியுள்ளேன். 1950இல் வெளிவந்த அசல் பிரதி என்கிறார் விற்பவர். நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நம்ப வேண்டாம். 1950களில் அந்தத் தலைப்பில் 1 என்று எண்ணிட்ட இதழ் வெளிவரவே இல்லை. நியூயார்க்கின் இ.சி. காமிக்ஸ் நிறுவனத்தை நடத்திய வில்லியம் கெய்ன்ஸும், அவருடன் பணியாற்றிய ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டைனும் 1950இல் திகில் கதைகளில் முழுமூச்சாக இறங்கினார்கள். புதிய இதழ் தொடங்கினால், சலுகைக் கட்டணத்தில் அஞ்சலில் அனுப்புவதற்கான அனுமதியைப் புதிதாகப் பணம் கட்டிப் பெற வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தவிர்ப்பதற்காக, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த 'கிரைம் பேட்ரோல்' என்ற குற்றக்கதை இதழின் பெயரை மட்டும் மாற்றி, எண்ணை அப்படியே தொடர்ந்தார்கள். அதனால் 17ஆம் இதழ் 'தி கிரிப்ட் ஆஃப் டெரர்' என்ற பெயரில் வந்தது; நீங்கள் தேடும் தலைப்பு 20ஆம் இதழில்தான் அட்டையில் ஏறியது; 1955 தொடக்கத்தில் 46ஆம் இதழோடு அது நின்றுபோனது. முதல் எண்ணோடு உங்களிடம் ஒரு பிரதி காட்டப்படுகிறது என்றால், அது பெரும்பாலும் 1990களின் மறுபதிப்பாகத்தான் இருக்கும். அசல் இதழின் அட்டையில் 10 சென்ட் என்ற விலை இருக்கும், பார்கோடு இருக்காது.

இதைவிடக் குழப்பமானது 'தி ஹாண்ட் ஆஃப் ஃபியர்'. அதுவும் பழைய இதழொன்றின் தொடர்ச்சியாக 15, 16, 17 என்று வந்தது. அஞ்சல் துறை அதை ஏற்காததால், அடுத்த இதழ் 4 என்ற எண்ணோடு வெளியானது. ஆகவே 15, 16, 17 ஆகிய எண்கள் அந்த வரிசையில் இருமுறை வருகின்றன. முதலில் 1950இல், பிறகு 1952-53இல். முதலில் வந்தவற்றுக்கே மதிப்பு மிக அதிகம். எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வாங்கியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எனவே ஆண்டையும் மாதத்தையும் உள்பக்கத்தில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கேள்வி: லட்சக்கணக்கில் அச்சான இ.சி. திகில் இதழ்கள் இன்று ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டன? (வாசகி, திருச்சி)

பதில்: இவை படித்துவிட்டுத் தூக்கிப்போடுவதற்காக அச்சிடப்பட்ட மலிவான இதழ்கள் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் அரசியல். காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று வாதிட்ட மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தமின் நூல் 1954இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று கெய்ன்ஸ் அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன் சாட்சியம் அளித்தார். வெட்டுண்ட தலை வரைந்த அட்டை ஒன்றைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று செனட்டர் கெஃபாவர் கேட்க, திகில் இதழின் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்று கெய்ன்ஸ் பதில் சொன்னார். அந்தப் பதில் மறுநாள் செய்தித்தாளில் வந்து அவருக்கே பாதகமாயிற்று. ஆண்டு முடிவதற்குள் பதிப்பாளர்களே கூடி ஒரு நெறிமுறையை ஏற்படுத்தினார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் வரக் கூடாது. இரத்தக்காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் கதையில் இடமில்லை. நெறிமுறை முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் கையிலெடுக்கத் தயங்கினார்கள். ஐந்தே ஆண்டுகளில் ஒரு கலைமரபு இப்படி முடக்கப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. இ.சி. இதழ்களின் ஓவியர்கள் ஜானி கிரெய்க், கிரஹாம் இங்கெல்ஸ் ஆகியோரின் கோடுகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர்கள் இந்த வருத்தத்தைப் புரிந்துகொள்வார்கள். நல்வாய்ப்பாக, கெய்ன்ஸ் ஒவ்வோர் இதழிலும் சில பிரதிகளையும், மூல ஓவியங்களையும் பத்திரப்படுத்தியிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அவை விற்பனைக்கு வந்தன. அந்தப் பிரதிகளுக்கு இன்றும் சேகரிப்பாளர்களிடையே தனி மரியாதை உண்டு.

கேள்வி: சென்னையில் கடலுக்கு அருகில் வசிக்கிறேன். என்னிடமுள்ள இதழ்கள் மஞ்சளாகி வருகின்றன, ஓரங்கள் உதிர்கின்றன. செலோடேப் ஒட்டலாமா? (வாசகர், சென்னை)

பதில்: தயவுசெய்து ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் ஊறிவிடும். பிறகு அந்தக் கறையை எடுப்பது மிகக் கடினம். நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருப்பதால், ஒளியும் வெப்பமும் பட்டவுடன் அது அமிலமாகித் தன்னைத்தானே அரித்துக்கொள்கிறது. இதை நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். இதழுக்குப் பின்னால் அமிலமற்ற அட்டையை வைத்து, பாலியெஸ்டர் உறையில் இட்டு, இருட்டான பெட்டியில் செங்குத்தாக நிறுத்துங்கள். பி.வி.சி. உறையைத் தவிருங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி மழைக்காலத்தில் ஈரம் வாங்கும்; ஸ்டேபிள் பின் துருப்பிடிப்பதும் ராமபாணப் பூச்சி வருவதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். நிறம் பூசியோ காகிதம் ஒட்டியோ அழகுபடுத்தினால், இதழ்களின் நிலையை மதிப்பிட்டுத் தரமிடும் நிறுவனங்கள் அதைக் கண்டறிந்து தனி வகையில் சேர்த்துவிடும், விலையும் இறங்கும்.

கேள்வி: 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று அச்சிட்ட எல்லா ஓவிய நூல்களும் மதிப்புள்ளவைதானா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. எத்தனை பிரதிகள், எந்தக் காகிதம், யார் கையொப்பம் என்பதை நூலின் குறிப்புப் பக்கம் சொல்ல வேண்டும். அயர்லாந்து ஓவியர் ஹாரி கிளார்க், அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளுக்கு வரைந்த நூலை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனின் ஹாரப் நிறுவனம் 1919இல் வெளியிட்ட அந்த நூலின் சிறப்புப் பதிப்பு 170 பிரதிகளே. ஆனால் எட்டு வண்ண ஓவியங்கள் சேர்ந்தது 1923ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். கிளார்க்கின் கலையை நேசிப்பவருக்கு, சிறப்புப் பதிப்பைவிட விலை குறைந்த இந்தப் பிந்தைய பதிப்பே கூடுதல் நிறைவைத் தரும் என்பது என் கருத்து.

கேள்வி: 'தி விக்கர் மேன்' படத்தின் இரண்டு டிஸ்க்குகள் வெவ்வேறு நீளத்தில் உள்ளன. எதை வைத்துக்கொள்வது? (வாசகி, கோவை)

பதில்: முடிந்தால் இரண்டையும். 1973இல் திரையரங்குக்கு வந்த வடிவம் ஏறத்தாழ 88 நிமிடங்கள், வெட்டிக் குறைக்கப்பட்டது. மூல நெகட்டிவ் காணாமல் போயிற்று. ஹார்வர்டில் கிடைத்த 35 மி.மீ. பிரதியைக் கொண்டு, இயக்குநர் ராபின் ஹார்டியின் ஒப்புதலோடு 2013இல் இன்னொரு வடிவம் வந்தது. ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள இயலும் என்றால் இந்தப் பிந்தைய வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்திலும் இதே கவனம் தேவை. 1968இல் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு தவறுதலாக விடுபட்டதால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது பொதுச்சொத்தாகி, மங்கலான பிரதிகள் எங்கும் பெருகின. 2016இல் மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்த வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன், டிஸ்க் எந்த நாடுகளின் கருவிகளில் ஓடும் என்பதைக் காட்டும் மண்டலக் குறியீட்டையும் பாருங்கள். நம் நாட்டு டிவிடி கருவிகள் 5ஆம் மண்டலத்துக்கும், புளூ-ரே கருவிகள் சி மண்டலத்துக்கும் உரியவை. அமெரிக்க டிஸ்க்கோ பிரிட்டிஷ் டிஸ்க்கோ மண்டலத் தடையோடு வந்திருந்தால், வீட்டுக் கருவியில் ஓடாமல் போகலாம்.