புகைபோக்கி மூடி விழுந்து கார் சேதம்: யார் பணம் கொடுக்க வேண்டும்?

கேள்வி: ஊட்டியில் எங்களுடையது கணப்பு வைத்த பழைய வீடு. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியதால், ஏப்ரலில் புகைபோக்கிக்கு சிமென்ட் ஸ்லாப் மூடி போட்டோம். மேஸ்திரிக்கு மொத்தமாக 18,000 ரூபாய் பேசி ஜிபேயில் அனுப்பினோம், பில் இல்லை. ஜூலைக் காற்றில் மூடி பெயர்ந்து பக்கத்து வீட்டுக் கார் மேல் விழுந்துவிட்டது. "காத்து அடிச்சா நான் என்ன பண்றது?" என்கிறார் மேஸ்திரி. கார்க்காரர் எங்களிடம் பணம் கேட்கிறார்.

பதில்: கார்க்காரர் உங்களிடம் கேட்பதுதான் முறை. விழுந்தது உங்கள் வீட்டிலிருந்து. மேஸ்திரியைக் கை காட்டித் தப்பிப்பது கடினம். இன்சூரன்ஸில் கார்க்காரருக்குக் கிடைத்தது போக மீதி நியாயமான செலவைக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். அந்தத் தொகையையும் மேஸ்திரியிடம் கேட்கலாம்.

காற்றின் மேல் பழி போடும் வாதம் பழசு. மழைக்காலத்தில் பெய்த 2.66 அங்குல மழையில் சுவர் இடிந்த வழக்கில், அதை 'இறைவன் செயல்' (யாரும் பொறுப்பாகாத இயற்கைச் சீற்றம்) என்று ஏற்க மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் மறுத்தது (தீர்ப்பு 1958-ல் வெளியானது). ஊட்டியில் ஜூலையில் காற்று அடிப்பது ஊருக்கே தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாதா?

உங்கள் முக்கியச் சாட்சி அந்த ஸ்லாப்தான். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் கலவையைப் பாருங்கள். செங்கல் துணுக்கு எதுவும் ஒட்டாமல், கரி மட்டும் அப்பி வழவழவென்று இருந்தால், கரியைச் சுரண்டாமல், செங்கலை நனைக்காமல் கலவையைப் போட்டிருக்கிறார்கள் என்று வாதாட இடமிருக்கிறது. புகைபோக்கி உச்சியையும் படம் எடுத்து, ஒரு சிவில் இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதுவரை தார்ப்பாய் கட்டினால் போதும். கணப்பை மட்டும் மூட்ட வேண்டாம்.

மேஸ்திரி மேல் போடும் வழக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் வரும். மொத்தமாகப் பேசிச் செய்த வேலை 'சேவை'. ஒழுங்காகச் செய்யாதது சேவைக் குறைபாடு. பில் இல்லாவிட்டால் பரவாயில்லை, வங்கி ஸ்டேட்மென்ட் போதும். வாட்ஸ்அப் பேச்சு, படங்களைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷிய அதினியம் 2023) 63-வது பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழையும் இணையுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு.

அதற்கு முன் 15 நாள் அவகாசம் கொடுத்து, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே ஆள் வந்துவிடுவார். "மறுபடி போட்டுத் தர்றேன்" என்றால் சரி, ஆனால் எழுதி வாங்குங்கள். கார் செலவு யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.