விபத்தில் எரிந்த வீடு, தீவைத்ததாக வழக்கு: தற்காப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: இரவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தீப்பிடித்தது. காப்பீட்டுப் பணத்துக்காக என் தம்பியே தீவைத்ததாக வழக்குத் தொடுத்துள்ளனர். தரையில் எரிபொருள் ஊற்றிய தடம் இருப்பதாகவும், தீக்கு வேறு காரணம் தென்படவில்லை என்றும் விசாரணை அறிக்கை கூறுகிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: தீவைத்தவர் யார் என்ற கேள்விக்கு முன்பாக, அது வைக்கப்பட்ட தீதானா என்பதையே அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். தங்கள் தம்பியின் வழக்கறிஞர் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

ஊற்றிய தடம் என்பதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மூடிய அறையின் மேற்பகுதியில் திரளும் புகை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அதன் வெப்பத்தால் அறையிலுள்ள பொருள்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன; ‘ஃபிளாஷ் ஓவர்’ எனப்படும் இந்நிலைக்குப் பின், ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இல்லாமலேயே தரையில் ஒழுங்கற்ற கருந்தடங்கள் உண்டாகலாம். 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரில் ஆறு பேர் இறந்த ஒரு வீட்டுத் தீயில், இத்தகைய தடங்களைக் கொண்டே ஒருவர்மீது குற்றம் சாட்டினர். அதே அமைப்புள்ள பக்கத்து வீட்டில் சோஃபாவைக் கொளுத்திச் சோதித்தபோது, ஐந்து நிமிடங்களுக்குள் அறை முழுவதும் பற்றி அதே போன்ற தடங்கள் தோன்றவே, வழக்கு கைவிடப்பட்டது.

ஆகவே ஆய்வக அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். மாதிரி எங்கே எடுக்கப்பட்டது, காற்றுப் புகாத கலத்தில் அடைக்கப்பட்டதா, எரியாத பகுதியிலிருந்து ஒப்பீட்டு மாதிரியும் எடுக்கப்பட்டதா என்பவை குறுக்கு விசாரணையில் எழ வேண்டிய கேள்விகள். ஏனெனில் செயற்கை இழைக் கம்பளம் எரியும்போதும் பெட்ரோலியப் பொருளை ஒத்த சேர்மங்கள் வெளிப்படும்.

வேறு காரணம் தென்படாததால் இது வைத்த தீ என்ற முடிவு என்னைப் பொறுத்தவரை இந்த அறிக்கையின் மிகப் பெரிய அநீதி. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) தீ விசாரணைக்காக வெளியிடும் ‘என்.எஃப்.பி.ஏ. 921’ வழிகாட்டியின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பே இம்முறையை அறிவியலுக்கு ஒவ்வாதது என ஒதுக்கிவிட்டது. காப்பீடு இருந்தது என்பதும் நோக்கத்தைப் பற்றிய ஊகத்துக்கு இடம் தருமேயன்றி, செயலுக்குச் சான்றாகாது.

எல்லாவற்றுக்கும் முன்பாக, எரிந்த வீட்டைச் சுத்தம் செய்யாதீர்கள். உருகிய மின்கம்பி, சுவர்ப் பிளக், சார்ஜர் ஆகியவற்றை இருந்த இடத்திலேயே விட்டு, படமெடுத்து, சுதந்திரமான தீ ஆய்வாளர் ஒருவர் பார்வையிட வழக்கறிஞர் மூலம் உடனே அனுமதி பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளரிடம் தம்பி சொல்வதும் வழக்குக்குள் வரக்கூடும் என்பதால், அவரிடமும் வழக்கறிஞர் உடனிருக்கும்போது மட்டுமே வாக்குமூலம் தர வேண்டும்.