'ஃபியூ' என்றால் சிலவா, சொற்பமா?

கேள்வி: கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறேன். வழக்கமாக மாதம் மூன்று நான்கு புகார் வரும். சென்ற மாதம் 14 வந்துவிட்டன. லண்டனில் இருக்கும் மேலதிகாரிக்கு மாத அறிக்கை எழுதும்போது 'வீ ரிசீவ்ட் ஃபியூ கம்ப்ளெயின்ட்ஸ்' என்று போட்டேன். சில புகார்கள் வந்திருக்கின்றன, கொஞ்சம் கவனியுங்கள் என்பதுதான் என் எண்ணம். அவரோ 'வெல் டன்' என்று பதில் அனுப்பியிருக்கிறார். கிண்டலா, நிஜமா தெரியவில்லை. அகராதியில் ஃபியூ என்றால் 'சில' என்றுதானே போட்டிருக்கிறது? தப்பு யார் மேல்? இப்போது நான் என்ன செய்வது? (வாசகி, செந்தூல்)

பதில்: கிண்டல் இல்லை சகோதரி, நிஜமாகவே பாராட்டியிருக்கிறார். 'புகார் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை' என்று அவர் படித்திருக்கிறார். நீங்கள் எழுதிய வாக்கியத்துக்குப் பொருளும் அதுதான். ஃபியூவுக்கு முன்னால் வரவேண்டிய 'எ' என்ற ஓர் எழுத்து விட்டுப்போனதால் வந்த வினை இது.

ஃபியூ, எ ஃபியூ இரண்டும் ஒரே எண்ணிக்கையைக் குறிக்கலாம். வந்தவர்கள் ஐந்து பேர் என்றால் அந்த ஐந்து பேரையே இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம். சொல்கிறவர் இருப்பதைப் பார்க்கிறாரா, இல்லாததைப் பார்க்கிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் கல்யாண விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பந்தி உட்காரப்போகிறது. பரிமாறுகிறவர் சமையல்கட்டை எட்டிப் பார்த்து "சோறு இருக்கா?" என்கிறார். உள்ளேயிருந்து "கொஞ்சம் இருக்கு" என்று குரல் வந்தால் வாளியை நீட்டுவார். "கொஞ்சந்தான் இருக்கு" என்று வந்தால் அவர் வயிற்றில் புளியைக் கரைக்கும், இன்னொரு உலை வைக்க ஆள் தேடுவார். இரண்டு பதிலுக்கும் பானையில் இருப்பது அதே சோறுதான். முதல் பதில் 'எ லிட்டில்', இரண்டாவது வெறும் 'லிட்டில்'. சோறு, தண்ணீர், நேரம் போல ஒன்று இரண்டு என்று எண்ண முடியாதவற்றுக்கு லிட்டில். ஆள், இலை, புகார் போல எண்ணக்கூடியவற்றுக்கு ஃபியூ. மற்றபடி இரண்டும் நடந்துகொள்வது ஒரே மாதிரிதான்.

நாம் சறுக்குகிற இடம் இங்கேதான் இருக்கிறது. தமிழில் 'சிலர் வந்தார்கள்' என்றால் சாதாரணத் தகவல். குறைவு என்று காட்ட ஓர் ஏகாரத்தைச் சேர்த்து 'சிலரே வந்தார்கள்' என்கிறோம், இல்லாவிட்டால் 'தான்' போடுகிறோம். மலாயிலும் அதே கதை: 'பெபெராப்பா' (சில) சாதாரணம், குறைவு என்றால் 'செடிக்கிட்' (கொஞ்சம்) என்பதோடு 'சஹாஜா'வையும் (மட்டும்) ஒட்டுவோம். இரண்டு மொழியிலும் குறைவைக் காட்ட ஏதாவது சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இது தலைகீழ். அங்கே 'எ'யை எடுத்துவிட்டால் குறைவு வந்துவிடும். வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் பேசி வளர்ந்தவருக்கு வெறும் ஃபியூ என்பது வெறும் 'சில' என்று தோன்றுவது இயல்பு. அதிலும் நம் இரண்டு மொழிகளிலும் 'எ', 'த' போன்ற சொற்களே கிடையாது. பேச்சில் முதலில் உதிர்வது அவைதான். இருமொழி அகராதிகளும் இடத்தை மிச்சப்படுத்த 'சில' என்று போட்டு நகர்ந்துவிடுகின்றன.

கோலாலம்பூரில் நாம் பேசும் ஆங்கிலத்தில் 'காட் ஃபியூ பீப்பிள் வெயிட்டிங்' என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள். மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்தால் நானும் அப்படித்தான் பேசுகிறேன், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். குரலும் முகமும் மிச்சத்தைச் சொல்லிவிடும். மின்னஞ்சலுக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை. அது லண்டன் போய்ச் சேர்ந்தால் லண்டன் இலக்கணப்படிதான் படிக்கப்படும்.

ஆங்கிலக் காதில் வெறும் ஃபியூ கிட்டத்தட்ட எதிர்மறைச் சொல். வாக்கியத்தின் கடைசியில் ஒரு குட்டிக் கேள்வியை ஒட்டிப் பார்த்தால் இது தெரியும். 'எ ஃபியூ பீப்பிள் கேம், டிடின்ட் தே?' என்பார்கள். வெறும் ஃபியூ என்றால் 'ஃபியூ பீப்பிள் கேம், டிட் தே?' 'நோபடி கேம்' என்ற வாக்கியத்துக்கும் இதே 'டிட் தே?' தான் வரும். அதாவது ஃபியூ உட்கார்ந்திருப்பது நோபடியின் பக்கத்து நாற்காலியில்.

கூட்டாளிகள் சேர்ந்தால் குணம் மாறும். 'குவைட் எ ஃபியூ' என்றால் கணிசமாக, எதிர்பார்த்ததற்கு மேலேயே என்று பொருள். 'ஒன்லி எ ஃபியூ' என்றால் மறுபடியும் குறைவுப் பக்கம் வந்துவிடும். நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது 'ஒன்லி ஃபியூ', அதில் 'எ' போட்டே ஆகவேண்டும். ஆனால் 'த லாஸ்ட் ஃபியூ டேஸ்', 'எவ்ரி ஃபியூ மினிட்ஸ்' என்று வரும்போது 'எ'க்கு இடமும் இல்லை, எதிர்மறை வாடையும் இல்லை. முன்னால் 'சோ', 'டூ', 'வெரி' வந்தாலோ குறைவு இன்னும் அழுத்தமாகும். 1940 ஆகஸ்ட் 20-இல் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பிரிட்டிஷ் விமானிகளைப் பற்றிப் பேசும்போது சொன்னது 'சோ ஃபியூ'. இத்தனை பேர் இவ்வளவு கடன்பட்டிருப்பது இத்தனை சொற்பமானவர்களுக்கா என்ற வியப்பு அந்தக் குறைவில்தான் இருக்கிறது. அந்த விமானிகளுக்கே 'த ஃபியூ' என்று பெயர் நிலைத்துவிட்டது.

எ ஃபியூ என்றால் மூன்றா, நாலா, ஐந்தா என்று வகுப்பில் யாராவது கேட்காமல் விடுவதில்லை. கணக்கு கிடையாது. பத்துமலையில் 272 படி இருக்கிறது, எ ஃபியூ படி ஏறிவிட்டு நின்றேன் என்றால் ஏழெட்டு இருக்கும். தைப்பூசத்தன்று அங்கே திரளும் இலட்சக்கணக்கானவர்கள் நடுவே முந்நூறு வெளிநாட்டுக்காரர்கள் நின்றாலும் அவர்கள் எ ஃபியூதான். 'எ கப்பிள்' மட்டும் இரண்டோடு ஒட்டிய சொல், நம் 'ஓரிரு' மாதிரி கொஞ்சம் நெகிழும். 'எ கப்பிள் ஆஃப் டேஸ்' என்று மேலதிகாரிக்கு எழுதினால் மூன்றாம் நாளே தேடுவார், கவனம்.

அடுத்த மாதம் புகார் குறைந்தால் 'ஃபியூவர் கம்ப்ளெயின்ட்ஸ்' என்று எழுதுங்கள். 'லெஸ்' என்று எழுதினால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எண்ணக்கூடியவற்றுக்கு லெஸ் கூடாது, ஃபியூவர்தான் என்ற இந்த விதி 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தனக்குப் பிடித்ததாகச் சொன்ன ஒரு கருத்து, பிற்பாடு சட்டமாகிவிட்டது. எண்ணக்கூடியவற்றுக்கு லெஸ் போடும் பழக்கம் அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. ஆனாலும் அலுவலகக் கடிதத்தில் இதற்காக வம்புக்கு நிற்க வேண்டாம்.

சரி, உங்கள் அறிக்கைக்கு வருவோம். 'எ'யைப் போட்டிருந்தாலும் அது முழுதாகச் சரியாகியிருக்காது. மூன்று நான்கு வருகிற இடத்தில் 14 வந்திருக்கிறது. அதை எ ஃபியூ என்றால் மூடி மறைத்த மாதிரி இருக்கும். குவைட் எ ஃபியூ பொருந்தும். அதைவிட எண்ணையே எழுதுவது நல்லது, கையில் எண் இருக்கும்போது இந்தச் சொற்களோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? பாராட்டு வந்த அதே மின்னஞ்சலுக்கு இன்றே பதில் போடுங்கள். 'என் வாக்கியம் தவறாக அமைந்துவிட்டது. சென்ற மாதம் வந்த புகார்கள் 14, வழக்கம் மூன்று நான்கு. இதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்' என்ற மூன்று வரியை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். மன்னிப்புக் கேட்டுப் பத்தி பத்தியாக எழுத வேண்டாம். அனுப்புவதற்கு முன் 14 சரிதானா என்று இன்னொரு முறை எண்ணிக்கொள்ளுங்கள்.